திரையில் நின்ற அறுபத்தொரு அடி

எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் சொட்டாது. சமையலறையில் ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பாதியில் எழுந்துபோய் வாஷரை மாற்றிவிட்டு, கைகழுவி வந்துதான் மீதியைச் சாப்பிடுவேன். என் மனைவி இதை விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நான் அலட்சியக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன். மேடம், நடந்தது அலட்சியத்தால் நடந்ததில்லை.

பழைய அணை விசாரணையை மறுபடி எடுத்திருக்கும் நீங்கள், போன வாரம் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அணையில் இருந்த பழைய கணினியிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை சர்வே அலுவலகத்துக்கு நகல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவற்றைப் புரட்டும்போது ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு நாளின் பதினான்கு வரிகள் உங்களுக்குக் கிடைத்தன. விசாரணைக் கோப்பில் அந்தப் பதினான்கும் இல்லை. "இங்க இருக்கு, அங்க இல்ல. எப்படி?" என்று கேட்டீர்கள். யோசித்து எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

நான் நகரத்தில் இருந்த அணை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவன். அணை மலையில், இருபது மைல் தள்ளி. கதவுகளைத் திறக்கவும் மூடவும் இங்கே அலுவலகத்திலேயே பொத்தான் உண்டு. அதற்குத் தனிக் கம்பி. அணையில் பகல் முழுக்க இருந்தது ஒரே ஓர் ஆள்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று கணினியில் எழுதுவது அவர் வேலை. அவர் என் தங்கையின் கணவர். அந்த வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னவனே நான்தான். நெடுநெடுவென்று உயரம், உடம்பில் சதையே கிடையாது, எந்நேரமும் தண்ணீரோரம் நிற்பார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'கொக்கு'. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்களே, அவருக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி. கணினியில் எழுதியதை நம்பாமல் ஒரு நோட்டிலும் எழுதிவைப்பார். கல்யாணமான புதிதில் என் தங்கை அவரைப் பற்றிச் சொன்ன ஒரே குறை, சமையலுக்கு அரிசி போடும்போதுகூட இரண்டு தரம் அளக்கிறார் என்பதுதான்.

அணைக் கணினியின் கோப்புறையை எங்கள் அலுவலகக் கணினியில் 'மவுண்ட்' செய்திருந்தோம். இருபது மைலுக்கு அப்பால் இருக்கும் அலமாரியை நம் அறைச் சுவரில் இருப்பது போலத் திறந்து பார்க்கலாம். அவர் அங்கே எழுதினால் இங்கே பெரிய திரையில் எண் மாறும். நடுவில் ஒரு ரேடியோ கோபுரம். மழை வந்தால் தொடர்பு அறுந்துவிடும். அறுவதில் பெரிய தொல்லை இல்லை. அறுந்தது தெரியாமல் இருப்பதுதான் தொல்லை. எதிர்முனையில் ஆள் போனை வைத்துவிட்டுப் போயிருப்பார், நாம் காதில் வைத்துக்கொண்டு 'ம், சொல்லுங்க' என்று கேட்டுக்கொண்டிருப்போம் இல்லையா, அதுபோல இந்தக் கணினி தொடர்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு நிற்கும். நாங்கள் அதைப் பேய்த்தொடர்பு என்போம். கழற்றிவிட்டு மறுபடி மாட்டலாம் என்றால் 'பிஸி' என்று வரும். எந்த நிரல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடிக் கொல்ல வேண்டும். வராத பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கும் நிரல் சில சமயம் சாகவும் சாகாது. அப்போது கணினியையே அணைத்துப் போட வேண்டியதுதான். அதற்கு ஏழு நிமிடம். அதுவரை திரை கறுப்பாக இருக்கும்.

எங்கள் பொறியாளர் கெட்டவர் அல்ல. ஆனால் திரை நின்றுபோனால் அவருக்கு என் பெயர் மறந்துவிடும். "ஏய் ஒயரு, இங்க வா" என்பார். அவரைவிட நான் நான்கு வயது மூத்தவன். அலுவலகம் முழுக்க என்னை ஒயர் என்று கூப்பிடப் பழகியது அவரால்தான்.

முதலில் நான் சரியான தீர்வைத்தான் செய்தேன். முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால் தொடர்பைக் கைவிட்டுவிடு, திரையைச் சிவப்பாக்கி 'அளவு வரவில்லை' என்று காட்டு என்று அமைத்தேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் அதைத்தான் செய்யச் சொல்வேன். அந்த வாரம் மழை. பதினோரு தரம் திரை சிவந்தது. "முன்னாடி தொங்கிக்கிட்டு நின்னுச்சு. இப்ப ரத்தம் கக்குது. என்னய்யா செஞ்சு வெச்சிருக்க?" என்றார் பொறியாளர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதனால் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். தொடர்பு போனால், திரும்ப வரும்வரை, கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தொடர்பு வந்துவிடும். அதற்குள் தண்ணீர் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, எண்ணுக்குக் கீழே இருக்கும் நேரம் ஏன் நின்றுபோகிறது என்று பொறியாளர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நேரத்தை அணையிலிருந்து எடுக்காமல் சுவர்க் கடிகாரத்திலிருந்து எடுக்கும்படி மாற்றினேன். ஒரே ஒரு வரி. அதன்பிறகு எண் பழையதாக இருந்தாலும் நேரம் புதிதாக ஓடியது. எனக்கு மட்டும் தெரியட்டும் என்று திரையின் வலதுமூலையில் சிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்தேன். புள்ளி இருந்தால் எண் பழையது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

அன்றிலிருந்து திரை ஒருநாளும் சிவக்கவில்லை. மூன்றாம் மாதம் பொறியாளர் என்னை "வாங்க" என்றார். பதினோரு வருடத்தில் முதல்முறை. இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். அன்று நான் வீட்டுக்கு நடந்தே போனேன், பேருந்தில் ஏறத் தோன்றவில்லை.

அதற்கு முன்பெல்லாம் கொக்கு மணிக்கு ஒருமுறை போனிலும் அளவைச் சொல்வார். திரை நன்றாக ஓடுவதால் அந்த வழக்கத்தை நிறுத்திவிடலாம் என்று குறிப்பு எழுதிக் கொடுத்ததும் நான்தான். பொறியாளர் அதில் கையெழுத்துப் போட்டார். அந்தக் குறிப்பு உங்கள் கோப்பில் இருக்கும்.

இனி அந்த நாள்.

காலை பத்தரைக்கு மழை பிடித்தது. நகரத்தில் குடை பிடித்தால் போதும் என்ற மாதிரி மழை. பன்னிரண்டேகாலுக்கு மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், இரண்டு ஆண்கள், ஒரு பெண்மணி. மற்ற அணைகளிலும் இதே திரையை வைக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். பொறியாளர் என்னை முன்னால் நிறுத்தி, "இவர்தான் செஞ்சது" என்றார். திரையில் பச்சை நிறத்தில் அறுபத்தொரு அடி. எழுபத்தைந்து தொட்டால் அணை நிரம்பியது என்று அர்த்தம். மூலையில் புள்ளி இருந்தது. அது பதினொன்று ஐம்பதிலிருந்தே இருந்தது. வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினேன்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் வந்தது. மலையில் கைப்பேசி எடுக்காது. சுவரோரம் இருந்த பழைய போன்தான். நான் எடுத்தேன்.

"மச்சான், நான்தான். திரையப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? அறுபத்தஞ்சு வந்துருச்சு. பத்து நிமிஷத்துக்கு முக்கா அடிக்கு மேல ஏறுது. இப்படி நான் பாத்ததே இல்ல."

"பாத்துக்கிட்டுதான் இருக்கோம் மாப்பிள்ளை. நீங்க எழுதிக்கிட்டே இருங்க."

"கதவு?"

"அத சார் பாத்துக்குவாரு."

போனை வைத்தேன். யார் என்று பொறியாளர் கேட்டார்.

"தங்கச்சி வீட்டுக்காரர் சார். வீட்டு விஷயம்."

இந்த ஒரு வாக்கியத்தை ஆறு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதி அவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைக்கிறேன்.

என் எண்ணம் தப்பான எண்ணம் இல்லை. பேய்த்தொடர்பை இரண்டு நிமிடத்தில் கழற்றி மாட்டிவிட்டால் சரியான அளவு திரைக்கு வந்துவிடும். பொறியாளர் பார்ப்பார், கதவைத் திறப்பார், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. மூலையில் இருந்த இன்னொரு விசைப்பலகையில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தேன். பிஸி. பிடித்துக்கொண்டிருந்த நிரலைத் தேடினேன். அது நான் எழுதிய நிரலேதான். கொன்றேன், சாகவில்லை. வலுக்கட்டாயமாகக் கழற்றினேன், கழன்றதாகச் சொல்லிவிட்டு அப்படியே நின்றது. அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏழு நிமிடக் கறுப்பு. திரைக்கு முன்னால் மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு மணிக்கு அவர்கள் சாப்பிடப் போவார்கள், அப்போது செய்துகொள்ளலாம் என்று இருந்தேன். மழையில் வெளியே போக மனமில்லாமல் தேநீரும் பிஸ்கட்டும் அறைக்கே வரவழைத்தார்கள். அதை என்னால் எதிர்பார்த்திருக்க முடியாது.

ஒன்று பத்துக்கு அந்தப் பெண்மணி திரையருகே போய்ப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளி எதுக்கு?" என்று கேட்டார். நல்ல கண் அவருக்கு. "தூசி மேடம்" என்றேன். கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தேன். துடைத்த பிறகும் இருந்தது. அவர் அதற்குள் பிஸ்கட் பக்கம் திரும்பிவிட்டார்.

பொறியாளர் ஒருமுறை ஜன்னலைப் பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில், மலையில் இந்நேரம் ஏறியிருக்க வேண்டாமா என்றார். திரையில் இருப்பதுதான் சார் என்றேன். அவர் தலையாட்டினார். அவர் என்னை நம்பினார் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவரைப் பதவியிலிருந்து இறக்கியது நியாயமே இல்லை.

ஒன்று முப்பத்தைந்துக்கு மறுபடி போன். மூன்றாவது மணியில் ரிசீவரை எடுத்தேன், காதில் வைக்கவில்லை. மேசைமேல் வைத்தேன். கீழே வைத்தால் திரும்ப அடிக்கும். எடுத்து வைத்தால் அடிக்காது. அவருடைய குரல் சின்னதாக, டப்பாவுக்குள் மாட்டிய வண்டு போலக் கேட்டது. "மச்சான், இருக்கீங்களா" என்பது மட்டும் புரிந்தது. ரிசீவர்மேல் ஒரு ஃபைலைத் தூக்கி வைத்தேன். அதன்பிறகு கேட்கவில்லை.

அவர் ஏன் வேறு யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். அங்கே ஒரே போன், அது எங்கள் அறைக்கு மட்டும் வரும் போன். தவிர, மச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டதே.

இரண்டு பத்துக்கு வந்தவர்களின் வண்டி கிளம்பியது. கணினியை அணைத்துப் போட்டேன். ஏழு நிமிடம். மவுண்ட் ஆனது. இரண்டு இருபது அளவு திரைக்கு வந்தபோது பொறியாளர் வாசலில் அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். எழுபத்துமூன்று அடி. அவர் கத்தவில்லை. மிக மெதுவாக, "இது என்ன?" என்றார்.

"கொக்கு எழுதாம விட்டிருப்பார் போல சார்" என்றேன். யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. வாயில் தயாராக இருந்தது.

சங்கு ஊதி, ஒரு மணி நேரம் விட்டு, ஒவ்வொரு கதவாகத் திறக்க வேண்டும் என்பது விதி. அதற்கு நேரம் இல்லை. இன்னும் இரண்டு அடி ஏறியிருந்தால் தண்ணீர் அணையின் கரையை உடைத்திருக்கும். சங்கும் ஐந்து கதவுகளும் ஒரே நேரத்தில். ஆற்றோரம் மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகள், பதினொன்று. இருபத்தைந்தே நிமிடத்தில் தண்ணீர் அங்கே வந்துவிட்டது. பத்தொன்பது பேர். அதில் ஏழு பேர் பத்து வயதுக்கும் குறைந்தவர்கள். மழை என்று பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டிருந்தார்கள்.

பன்னிரண்டு நாற்பதுக்கே திறந்திருந்தால் அந்த வீடுகளுக்குள் முழங்கால் அளவு வந்திருக்கும். இதை நான் பலமுறை வரைந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட முழங்காலுக்கு மேல் வரவில்லை.

மறுநாள் சாட்சியங்களை எடுத்துவர என்னைத்தான் மலைக்கு அனுப்பினார்கள். கணினி தெரிந்தவன் நான் ஒருவன். கொக்கு ஈரம் காயாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஏன் மச்சான் தெறக்கல?" என்று கேட்டார். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். திரைக்கு ஒன்றுமே வரவில்லை, என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் தேநீர் போட உள்ளே போனார். அவர் போட்டு முடிப்பதற்குள் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு பத்து வரைக்குமான பதினான்கு வரிகளைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன். வாரத்து நகல் முந்தின சாயங்காலமே சர்வே அலுவலகத்துக்குப் போயிருக்கும் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வழக்கமாக நான் இப்படி விட்டுவிடுகிறவன் அல்ல. எனக்குச் சர்க்கரை வியாதி என்று அவர் தேநீரில் இனிப்பே போடாமல் கொண்டுவந்தார். அந்த நிலைமையிலும் அது அவருக்கு ஞாபகம் இருந்தது.

அலுவலகக் கணினியில் இருந்த என் நிரலையும் அன்றே எடுத்துவிட்டு, பழைய சிவப்புத் திரையைத் திருப்பி வைத்தேன்.

நான்காம் நாள் அவரும் என் தங்கையும் வீட்டுக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்த நோட்டைக் கொண்டுவந்திருந்தார். பதினான்கு அளவும் அதில் இருந்தன, மழைத்துளி பட்டு ஓரிரண்டு எழுத்து கலைந்திருந்தது, அவ்வளவுதான். விசாரணையில் இதைக் காட்டப்போகிறேன் என்றார்.

"காட்டுங்க மாப்பிள்ளை. ஆனா கணினியில இல்லாதது நோட்டுல மட்டும் இருந்தா என்ன சொல்லுவாங்க? எல்லாம் முடிஞ்சப்புறம் உக்காந்து எழுதுனதுன்னு சொல்லுவாங்க. கவனக்குறைவுன்னு போற கேஸ் மோசடின்னு மாறிடும். என்கிட்ட இருக்கட்டும். நேரம் பாத்துக் குடுப்போம்."

அவர் தங்கையைப் பார்த்தார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், குடுங்க" என்றாள் அவள். அவர் இரண்டு கையாலும் கொடுத்தார்.

விசாரணையில் என் தொழில்நுட்ப அறிக்கையைப் படித்தார்கள். அணை முனையில் திறந்த கோப்பைச் சேமிக்காமல் விட்டதால் பழைய தொடர்பு நீங்காமல் நின்றிருக்கலாம் என்று எழுதியிருந்தேன். நின்றிருக்கலாம் என்றுதான் எழுதினேன், நின்றது என்று எழுதவில்லை. கொக்கு எழுந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்தேன், இரண்டு தரம் போன் செய்தேன், முதல் தரம் மச்சானிடம் பேசினேன், இரண்டாம் தரம் எடுத்தார்கள், பேசவில்லை என்றார். என்னைக் கேட்டார்கள். ஒருமுறை பேசினார், வீட்டு விஷயம் என்றேன். பொறியாளரும் ஆமாம், அப்போதே அப்படித்தான் என்னிடம் சொன்னார் என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

கொக்கு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணக்குப் பாடத்தில் ஒரு படி புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தார்.

வெளியே நடைபாதையில் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் விளக்கினேன். தண்ணீர் ஏறியதைப் பற்றித்தான் போனில் சொன்னீர்கள் என்று நான் சொன்னால், ஆபத்து என்று தெரிந்தும் பொறியாளரிடம் நேராகப் பேசாமல் ஏன் சொந்தக்காரனிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாய் என்று உங்களைத்தான் மடக்குவார்கள், தெரியாமல் விட்டது என்றால் தண்டனை கம்மி என்றேன்.  "எனக்காகத்தான் அப்படிச் சொன்னீங்களா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். "சரி மச்சான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒன்றரை வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதுவரை தங்கையும் அவள் மகளும் எங்கள் வீட்டில்தான். மருமகளைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன், உங்கப்பாதானே தண்ணியத் தெறந்துவிட்டது என்று கேட்டானாம். நானே போய்த் தலைமையாசிரியரிடம் பேசி வேறு வகுப்புக்கு மாற்றினேன். "மாமா இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்" என்று அவள் ஒரு வாழ்த்து அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பீரோவில் நோட்டுக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

எனக்கு முடி வெட்டுகிறவர் அந்தப் பதினொரு வீடுகளில் ஒன்றில் இருந்தவர். மனைவியும் அம்மாவும் போய்விட்டார்கள். இன்றும் அவரிடம்தான் போகிறேன். திடீரென்று கடையை மாற்றினால் ஏன் என்று நினைப்பார். ஒருநாள் கழுத்துக்குப் பின்னால் கத்தி வைத்துக்கொண்டே, "அந்த அளவு எழுதுற ஆளு உங்களுக்குச் சொந்தமாமே" என்றார். ஆமாம் என்றேன். கத்தி ஒரு நிமிடம் நின்றது. "உங்களுக்கும் கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டு மீண்டும் வழித்தார். அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாளி வழியும்வரை உட்கார்ந்திருந்தேன். மனைவி கதவைத் தட்டி, என்ன, தண்ணீர் வீணாகிறதே என்றாள்.

கொக்கு வெளியே வந்த பிறகு ஒரு வாகன நிறுத்தத்தில் காவல் வேலை பார்த்தார். உள்ளே வரும் வண்டி எண்ணை எழுதுவார். எழுதியதைப் போய் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு இன்னொரு தரம் போய்ப் பார்ப்பார். வண்டிக்காரர்கள் சிரிப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்து இருவரும் பால்கனியில் இருந்தோம்.

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் அன்னிக்கு நிஜமாவே சேவ் பண்ணினேனா?"

நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பண்ணினதாத்தான் ஞாபகம். ஆனா கணினியில இல்லையே. கணினி பொய் சொல்லாதுல்ல. நோட்டுலகூட எழுதினேன்தான். ஆனா அது நீங்க சொன்ன மாதிரி, எல்லாம் முடிஞ்ச அப்புறம் உக்காந்து எழுதினதோன்னு இப்ப ஒரு சந்தேகம். போன்ல என்ன பேசினேன்னும் சரியா வரல."

இதுதான் இடம், மேடம். நோட்டு பக்கத்து அறை பீரோவில் இருந்தது. நடந்தால் பன்னிரண்டு அடி. நான் எண்ணியிருக்கிறேன்.

"மனுஷன்னா மறதி சகஜம் மாப்பிள்ளை" என்றேன். "அத நெனச்சே உடம்பக் கெடுத்துக்காதீங்க."

அவர் தலையசைத்தார். ஒரு பாரத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றவருக்கு இடம் காட்டிவிட்ட மாதிரி, முகம் கொஞ்சம் தெளிந்ததுகூட. அதன்பிறகு அவர் சந்தேகப்படவில்லை. தான்தான் செய்தது என்று முடிவு செய்துகொண்டார். ஆற்றோரம் கட்டிய புதிய வீடுகளுக்கு ஒருநாள் தனியாகப் போய், ஒவ்வொரு கதவாகத் தட்டி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான்காவது வீட்டில் அடித்துவிட்டார்கள். உதடு கிழிந்து வந்தார். மருந்து போட்டது நான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் இறந்தார். இதயம் என்றார் மருத்துவர். ஐம்பத்தொரு வயது. கடைசி நாள் என் தங்கையிடம், "பத்தொம்பது பேர நான் மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்வது.

அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் வருடம் பயம், அது உண்மை. அதற்குப் பிறகு பயம் இல்லை. கொக்குக்கு உலகத்தில் நம்பிக்கையாக இருந்தது நான் ஒருவன்தான். அதையும் எடுத்துவிட்டால் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மழை பெய்யும்போது நான் ஜன்னல் இருக்கும் அறையில் உட்காருவதில்லை. பச்சை நிறத்தில் எண் எரியும் எதையும், லிஃப்டில்கூட, நிமிர்ந்து பார்ப்பதில்லை. படியில் போகிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பதினான்கு வரிகளை எழுதியவர் என் மாப்பிள்ளை. நேரம் தவறாமல், பிழையில்லாமல் எழுதினார். எடுத்தவன் நான். பழைய அளவுக்குப் புது நேரம் போட்டவன் நான், போனை எடுத்து மேசையில் வைத்தவன் நான். அந்தப் பத்தொன்பது பேரும், இருபதாவதாக அவரும், என் கணக்கில் வரவேண்டியவர்கள். நோட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எந்தத் தண்டனையானாலும் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் தங்கையிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். கணவர் போன பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த அண்ணன் ஒருவன்தான். அவனையும் நீங்கள் அவளிடமிருந்து பறித்துவிடக் கூடாது.